கிரானைட் சமையல் மேடை: பராமரிப்பும் சில உண்மைகளும்

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் தடவிப் பார்ப்பது சமையலறையின் கிரானைட் மேடையைத்தான். குடி புகுந்த மறுவாரமே கவலை தொடங்கிவிடும். மஞ்சள் பட்டால் போகுமா? எலுமிச்சை பட்டால் அரிக்குமா? குக்கரை அப்படியே இறக்கி வைக்கலாமா? வருடாவருடம் சீலர் அடிக்க வேண்டுமாமே? இந்தக் கவலைகளை நம்பி ஒரு சிறு வணிகமே நடக்கிறது. கடையில் கிரானைட்டுக்கென்றே தெளிப்பான்கள், துடைப்பான்கள், மெருகுத் திரவங்கள் என்று ஒரு அலமாரி முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை என்பதும், தேவைப்படும் ஓரிரண்டும் எந்தக் கல்லுக்குத் தேவை என்று தெரிந்துகொண்டால் போதும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் சாரம். கல்லைத் தெரிந்துகொண்டால் பராமரிப்பு தானாகப் புரிந்துவிடும். எனவே முதலில் கல்லைப் பற்றிப் பார்ப்போம்.

கிரானைட் என்று விற்கப்படுவது எல்லாம் கிரானைட்டா?

புவியியலாளரின் கிரானைட் வேறு, வியாபாரியின் கிரானைட் வேறு. பூமிக்கு அடியில் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கொஞ்சம் அப்பிரகம் ஆகிய கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுப் படிகங்களாகப் பின்னிக்கொண்டு உருவாகும் பாறைதான் அறிவியல்படி கிரானைட். கல் வணிகத்திலோ, கடினமாக இருந்து மெருகேறக்கூடிய எந்தப் பாறையும் கிரானைட்தான். கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுபவற்றில் அநேகமாக எதுவும் கிரானைட் அல்ல. அவை காப்ரோ, டாலரைட் போன்ற வேறு வகைப் பாறைகள். வரிவரியாக ஓடும் கோலங்கள் கொண்டவை பெரும்பாலும் நைஸ் என்ற உருமாறிய பாறை.

பெயர்களை நம்பி ஊரையும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்கச் சமையலறைகளில் ஒரு காலத்தில் மிகவும் பிரபலமாக இருந்த 'காஷ்மீர் ஒயிட்' காஷ்மீரிலிருந்து வருவதில்லை. நம் மதுரைப் பக்கத்துக் கல் அது. வெண்மையில் சிறு சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது கார்னெட் என்ற கனிமம். இத்தாலியப் பெயர் தாங்கிய 'பாரடைஸோ' கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்திலிருந்து வருகிறது. 'குன்னம் பிளாக்' மட்டும் நேர்மையாகத் தன் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. குன்னம், திண்டிவனத்துக்கு அருகில் உள்ள ஊர். இரவு வானம் போலப் பொன்புள்ளிகள் மின்னும் 'பிளாக் கேலக்ஸி' ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் கிடைக்கிறது. அமெரிக்கக் கடையில் நாம் விலை கேட்கும் பலகைகளில் கணிசமானவை நமக்கு முன்பே நம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தவை.

சென்னை வாசகர்களுக்குப் பழக்கமான பல்லாவரம், பரங்கிமலைக் கருங்கல்லுக்கும் ஒரு தனிப் பெயர் உண்டு: சார்னோகைட். கொல்கத்தாவோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லும் இந்த வகைதான். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்தக் கல்லுக்கு அவர் பெயரையே சூட்டினார். வியாபாரிக்கு இதுவும் கிரானைட்தான்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? ஏனென்றால் ஒவ்வொரு கல்லும் தண்ணீரையும் எண்ணெயையும் அமிலத்தையும் வேறுவேறு விதமாக எதிர்கொள்கிறது. காஷ்மீர் ஒயிட்டுக்குத் தேவையான சீலரைக் கறுப்புக் கல்லில் தடவினால் அது உள்ளே போக இடமில்லாமல் மேலேயே காய்ந்து புகைபடிந்தது போல் நிற்கும். கறுப்புக் கல்லை வைத்திருக்கும் நண்பர் சொன்னார் என்று காஷ்மீர் ஒயிட்டைச் சும்மா விட்டால் ஒரே மாதத்தில் நல்லெண்ணெய் வட்டம் விழுந்துவிடும்.

உங்கள் மேடை எந்த வகை? நான்கு எளிய சோதனைகள்

இவை எல்லாவற்றையும் கண்ணில் படாத ஒரு மூலையில் செய்து பாருங்கள். மிக்ஸிக்குப் பின்னால் உள்ள இடம் மிகவும் வசதி.

முதலாவது, கத்திச் சோதனை. கனிமங்களின் கடினத்தை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை குறிப்பார்கள். வைரம் 10, குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. சாதாரணச் சமையல் கத்தியின் எஃகு ஏறத்தாழ 5.5. பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் உள்ள கால்சைட் வெறும் 3. ஆகவே கத்தி முனையால் லேசாக இழுத்தால் பளிங்கில் கீறல் விழும். கிரானைட்டில் கீறல் விழாது. மாறாகக் கத்தியின் எஃகு தேய்ந்து ஒரு சாம்பல் கோடு தெரியும்.

இரண்டாவது, வினிகர்ச் சோதனை. ஒரு சொட்டு வினிகரை விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். குமிழ் வந்தாலோ அந்த இடம் மங்கினாலோ கல்லில் கால்சைட் இருக்கிறது. அது பளிங்காக இருக்கலாம், அல்லது கால்சைட் நரம்புகள் ஓடும் வேறு கல்லாக இருக்கலாம். நம் ஊர் வீடுகளில் கிரானைட்டுக்கு முன் மேடைக்குப் போட்டுவந்த கடப்பைக்கல் சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் அது வெளிறிப்போனதை அம்மாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலுமிச்சை கல்லை அரிக்கும் என்ற நம் பயம் அங்கிருந்து வந்ததுதான். குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் சமையலறை அமிலங்கள் எதுவும் செய்துவிட முடியாது.

மூன்றாவது, தண்ணீர்ச் சோதனை. ஒரு தேக்கரண்டித் தண்ணீரை ஊற்றிப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். துடைத்த பின் அந்த இடம் கறுத்திருந்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது என்று பொருள், சீலர் வேண்டும். ஊற்றிய மறுகணமே கறுத்தால் கட்டாயம் வேண்டும். நிறமே மாறாவிட்டால் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கறுத்த இடம் காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். இதே சோதனையை அடுப்பருகிலும் தொட்டியருகிலும் தனித்தனியே செய்து பார்க்க வேண்டும். சீலர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை.

நான்காவது, கறுப்புக் கல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்துத் தேயுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்றிருக்கிறார்கள். அந்த மேடை காலப்போக்கில் திட்டுத்திட்டாக வெளுக்கும். அதன்மேல் சீலர் தடவுவதால் பயன் இல்லை.

இந்த வரிசையில் சேராத ஒன்றும் உண்டு. கடைகளில் 'குவார்ட்ஸ்' என்று விற்கப்படுவது வெட்டியெடுத்த கல் அல்ல. குவார்ட்ஸ் துகள்களைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த செயற்கைக் கல். எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு குவார்ட்ஸ், மிச்சம் பிசினும் நிறமியும். இதற்குச் சீலர் தேவையே இல்லை. ஆனால் பிசின் இருப்பதால் சூடு ஆகாது.

கறை எப்படி உள்ளே போகிறது?

கிரானைட் பார்ப்பதற்குக் கண்ணாடி போல் இருந்தாலும் படிகங்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. கட்டடங்களுக்கான கிரானைட் தன் எடையில் 0.40 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக்கூடாது என்பது ஏஎஸ்டிஎம் சி615 என்ற அமெரிக்கத் தர நிர்ணயம். அடர்ந்த கறுப்புக் கற்கள் இந்த வரம்புக்கு வெகு கீழே நிற்கும். வெளிர் நிறக் கற்களில் பல வரம்பை நெருங்கும்.

அந்த நுண்துளைகளில் தண்ணீரோ எண்ணெயோ நிரம்பும்போது ஒளி சிதறுவது குறைகிறது, அதனால் கல் கறுப்பாகத் தெரிகிறது. நனைந்த வேட்டி நிறம் மங்கித் தெரிவதும் இதே காரணத்தால்தான். வித்தியாசம் என்னவென்றால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் போகாது. எனவே மேடையில் புதிதாக ஒரு கறுப்புத் திட்டைக் கண்டால் ஒரு இரவு பொறுத்திருங்கள். காலையில் காணாமல் போயிருந்தால் அது வெறும் தண்ணீர்.

சீலர் என்பது மேலே பூசும் வார்னிஷ் அல்ல. சிலேன், சிலாக்ஸேன், ஃபுளோரின் சேர்ந்த பாலிமர் போன்ற வேதிப்பொருள்களைக் கரைப்பானில் கலந்து தருகிறார்கள். அது நுண்துளைக்குள் இறங்கித் துளையின் சுவர்களில் படிகிறது. தாமரை இலை போல அந்தச் சுவர்கள் தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ளும். சில வகைகள் எண்ணெயையும் தள்ளும். எனவே வாங்கும்போது 'எண்ணெய்க்கும் தண்ணீருக்கும்' என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். நம் சமையலுக்கு எண்ணெய் தடுப்பு இல்லாத சீலர் பாதிப் பயன்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சீலர் கறையைத் தடுத்துவிடாது, தாமதப்படுத்தும். கொட்டிய எண்ணெயை அரை மணி நேரம் கழித்துத் துடைத்தாலும் தப்பிக்க அவகாசம் கொடுக்கும். இரவு முழுக்க விட்டால் அதுவும் கைவிடும். கல்லுக்கு மெருகு தருவதும், கீறலைத் தடுப்பதும், சூட்டைத் தாங்கவைப்பதும் சீலரின் வேலை அல்ல.

சீலர் அடிக்கும் முறை

இதற்கு ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை மாலை போதும்.

1. மேடையைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து 24 மணி நேரம் காயவிடுங்கள். ஈரம் இருக்கும் துளைக்குள் சீலர் போகாது.

2. சன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பை அணைத்துவிடுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

3. மெத்தென்ற துணியால் இரண்டடி இரண்டடியாகச் சீலரைத் தடவுங்கள். டப்பாவில் சொன்ன நேரம், பொதுவாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம், விட்டுவிடுங்கள்.

4. முக்கியமான கட்டம் இதுதான்: மேலே மிஞ்சி நிற்கும் திரவத்தைக் காய்வதற்கு முன் முழுவதும் துடைத்து எடுத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் பிசுபிசுப்பாகப் படலம் நிற்கும். அப்படி நின்றால் அதே சீலரைக் கொஞ்சம் தடவி இளக்கி உடனே துடையுங்கள்.

5. நிறையக் குடிக்கும் கல்லுக்கு இன்னொரு முறை. பிறகு ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? காலண்டர் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை, தண்ணீர்ச் சோதனையைப் பார்த்துச் செய்ய வேண்டும். சில கற்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை தேவைப்படலாம், சிலவற்றுக்கு ஐந்தாறு வருடம் தேவைப்படாது, சிலவற்றுக்கு எப்போதுமே தேவைப்படாது.

அன்றாடச் சுத்தம்

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, மெல்லிய நுண்ணிழைத் துணி, பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணி, கடைசியாக உலர்ந்த துணி. இவ்வளவுதான். நாம் தவறவிடுவது மூன்றாவது, நான்காவது கட்டங்களை. சோப்பைத் தண்ணீரால் எடுக்காமல் விட்டால் அது நாளுக்கு நாள் மெல்லிய படலமாகப் படிந்து மெருகு போனது போல் காட்டும். "கல் மங்கிவிட்டது, பாலிஷ் போட வேண்டும்" என்று வரும் புகார்களில் பாதி சோப்புப் படலம்தான். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம பங்கு கலந்து துடைத்துப் பாருங்கள், மெருகு திரும்ப வந்துவிடும்.

கிருமி நீக்கவும் 70 விழுக்காடு ஆல்கஹாலே போதும். தெளித்துச் சில நிமிடம் ஈரமாக இருக்கவிட்டுத் துடையுங்கள். தீயருகே தெளிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வினிகர், எலுமிச்சை கலந்த திரவங்கள், பிளீச், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகியவற்றைத் தினமும் பயன்படுத்த வேண்டாம். கிரானைட் தாங்கினாலும் சீலர் அவ்வளவு தாங்காது. பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியாவையோ சேர்ப்பது கல்லுக்கல்ல, நம் நுரையீரலுக்கு ஆபத்து.

குழாயைச் சுற்றி வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும் உப்புக்கு வினிகர் தேடாமல், புதிய சவர பிளேடைக் கிடைமட்டமாக வைத்து மெல்லச் சுரண்டுங்கள். மெருகேற்றிய கிரானைட்டை எஃகு கீறாது என்பதைத்தான் மேலே பார்த்தோமே. பளிங்கில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

நம் சமையலறைக்கே உரிய கறைகள்

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் காபிக்கும் சிவப்பு ஒயினுக்கும் எழுதப்பட்டவை. நம் பிரச்சினைகள் வேறு.

எண்ணெய்: நல்லெண்ணெய் ஜாடி நிற்கும் இடமும், பொரித்த அப்பளம் வைக்கும் இடமும் முதலில் கறுக்கும். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கறுத்த இடத்துக்கு மருந்து, கீழே சொல்லப்போகும் பற்று.

மஞ்சள்: மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே தாளிப்பில் கலந்த மஞ்சள் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கும். அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. வெயில் பட்டால் வெளுத்துவிடும். சன்னலோரக் கறையானால் சில நாள் பொறுத்தாலே பாதி போய்விடும். மஞ்சள் கறைமேல் சமையல் சோடாவைப் போட்டதும் அது சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமமாகும் அதே வேதியியல்தான். காரம் நீங்கியதும் நிறம் பழையபடி ஆகும்.

பாத்திரக் கோடுகள்: எவர்சில்வர் அண்டாவை இழுத்த இடத்தில் சாம்பல் கோடு தெரிந்தால் அது கீறல் அல்ல. கல் பாத்திரத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்ட எஃகுதான் அது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து மெத்தென்ற துணியால் தேய்த்தால் போய்விடும்.

துரு: ஈரமான இரும்புத் தோசைக்கல்லையும், இரும்பு அரிவாள்மனையையும் மேடையில் விடுவதால் வருவது. வெளிர் நிறக் கற்களில் துரு உள்ளிருந்தும் வரும். கல்லுக்குள் இருக்கும் இரும்பு சேர்ந்த கனிமங்கள் தொட்டியோர ஈரத்தில் மெல்லத் துருப்பிடிக்கும். காஷ்மீர் ஒயிட்டில் இது அடிக்கடி நேரும். துருக் கறைக்குப் பிளீச் போடக் கூடாது, கறை இன்னும் இறுகும். துரு நீக்கும் திரவங்களை வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்றோ ஃபுளோரைடு என்றோ இருந்தால் தொடவே வேண்டாம். வேறெந்த அமிலத்துக்கும் மசியாத குவார்ட்ஸைக் கரைக்கும் அமிலம் அது. மனிதத் தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை கெடுக்கும். துருவுக்கு மட்டும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

கிரைண்டர் கால்கள்: கிரைண்டரையும் மிக்ஸியையும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் ரப்பர் கால்களில் உள்ள எண்ணெய்ப்பொருள் கல்லுக்குள் இறங்கி நான்கு வட்டங்கள் தெரியும். அடியில் ஒரு பலகையோ தட்டோ வையுங்கள்.

பற்றுப் போடுதல்

தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போடுவது போலத்தான் இதுவும். உறிஞ்சும் பொடியைக் கரைப்பானில் குழைத்துக் கறைமேல் அப்புகிறோம். கரைப்பான் கல்லுக்குள் போய்க் கறையைக் கரைக்கிறது. பொடி காயும்போது கரைசலை மேலே இழுத்துக்கொள்கிறது. கறை எந்த வழியில் உள்ளே போனதோ அதே வழியில் வெளியே வருகிறது.

பொடிக்குச் சமையல் சோடா போதும். கயோலின் களிமண் இருந்தால் இன்னும் நல்லது. கரைப்பான் கறையைப் பொறுத்தது. எண்ணெய்க் கறைக்கு அசிட்டோன். காபி, டீ, மஞ்சள் போன்ற நிறக் கறைகளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. இருண்ட கற்களைப் பெராக்சைடு வெளுக்கச் செய்யலாம் என்பதால் முதலில் மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: அசிட்டோனையும் பெராக்சைடையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். ஒன்றைப் போட்டுப் பலனில்லை என்று அடுத்ததைப் போடுவதானால் நன்றாகக் கழுவி ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பிறகே போட வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும்.

பொடியை வடைமாவு பதத்தில் குழைத்து, கறையைவிட அரை அங்குலம் அகலமாக, கால் அங்குல கனத்துக்கு அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓரங்களில் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்து, பற்று முழுவதும் காயும் வரை காத்திருங்கள். உறிஞ்சும் வேலை காயும்போதுதான் நடக்கிறது, அவசரப்படக் கூடாது. மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துக் கழுவித் துடையுங்கள். ஒரே முறையில் போகாது. பழைய எண்ணெய்க் கறைக்கு மூன்று, நான்கு முறைகூட ஆகும். கறை போன இடத்தில் சீலரும் போயிருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் சீலர் தடவுங்கள்.

சூடு, எடை, விரிசல்

குக்கரை இறக்கி வைத்ததால் கிரானைட் உருகிவிடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி செல்ஷியஸ்தான். பாறைக்கு அது ஒன்றுமில்லை. பிரச்சினை சூட்டின் அளவில் இல்லை, அது பரவும் சீரின்மையில் இருக்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. ஓரிடம் மட்டும் திடீரெனச் சூடாகிப் பக்கத்து இடம் குளிர்ந்திருந்தால் உள்ளே இழுவிசை உண்டாகிறது. தவிர, பலகைகளின் நுண்விரிசல்களை நிரப்பத் தொழிற்சாலையில் எப்பாக்ஸி பிசின் இறக்கியிருப்பார்கள். பாறை தாங்கும் சூட்டைப் பிசின் தாங்காது. எனவே ஒரு மரப்பலகையோ துணிப்பிரிமணையோ வைப்பது நல்ல பழக்கம். காய்ந்த தோசைக்கல்லுக்கு அது கட்டாயம்.

இழுவிசை என்றதும் சில எண்கள். மேலே சொன்ன அதே தர நிர்ணயத்தின்படி கிரானைட் குறைந்தது 131 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஆனால் வளைக்கும் விசைக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சம் 10.34 மெகாபாஸ்கல்தான். அழுத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது கல்லை நசுக்குவது கடினம், ஒடிப்பது சுலபம். தொட்டிக்கும் அடுப்புக்கும் ஓட்டை போட்ட இடங்களில் முன்னும் பின்னும் சில அங்குல அகலப் பட்டைதான் மிச்சம் இருக்கும். மேடை ஒடிவதெல்லாம் அநேகமாக அங்கேதான். மேல் அலமாரியை எட்ட மேடைமீது ஏறி நிற்பதும், தாங்கல் இல்லாமல் வெளியே நீண்ட ஓரத்தில் பிள்ளைகள் உட்காருவதும், மேடையில் தேங்காய் உடைப்பதும் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். 3 செ.மீ. பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ எடை. விழுந்தால் கால் தப்பாது.

மேற்பரப்பில் தெரியும் கோடெல்லாம் விரிசல் அல்ல. நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் அநேகமாக அது பாறை உருவானபோதே வந்த இயற்கைக் கோடு. தட்டுப்பட்டாலோ நாளுக்கு நாள் நீண்டாலோ ஆளைக் கூப்பிடுங்கள். விளிம்பில் சில்லு பெயர்ந்தால் அந்தச் சில்லைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அதையே எப்பாக்ஸியால் ஒட்டுவது எந்த நிரப்பியைவிடவும் நன்றாக அமையும்.

கதிர்வீச்சு பயம்

2008 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு கட்டுரைக்குப் பிறகு கிரானைட் மேடைகளிலிருந்து ரேடான் வாயு வருகிறது என்ற செய்தி வேகமாகப் பரவியது. கிரானைட்டில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் இருப்பதும், அது சிதையும்போது ரேடான் வருவதும் உண்மை. ஆனால் வீட்டுக்குள் வரும் ரேடானின் முக்கிய ஊற்று வீட்டுக்கு அடியில் உள்ள மண்தான் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. சந்தேகம் இருந்தால் மேடையைப் பெயர்க்க வேண்டாம், வீட்டின் காற்றைச் சோதியுங்கள். லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல் இருந்தால் அடித்தளத்தைச் சரி செய்ய வேண்டும்.

உண்மையான ஆபத்து யாருக்கு?

மேடையால் ஆபத்து உண்டு. ஆனால் அது அதன்மேல் சமைப்பவருக்கு அல்ல, அதை அறுப்பவருக்கு. கல்லை உலர்வாக அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்குகிறது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கிரானைட்டில் சிலிக்கா 45 விழுக்காடு வரை இருக்கலாம். செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் 90 விழுக்காட்டையும் தாண்டும். கலிஃபோர்னியாவில் செயற்கைக் கல் அறுத்து நோயுற்ற 52 தொழிலாளர்களைப் பற்றி 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களின் இடைநிலை வயது 45. பத்துப் பேர் இறந்துவிட்டிருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல் மேடைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்துவிட்டது.

பராமரிப்புக் கட்டுரையில் இது ஏன் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். ஒன்று, வீட்டிலேயே குழாய்க்குத் துளை போடுவது, ஓரத்தை மணல்காகிதத்தால் தேய்ப்பது போன்ற வேலைகளைத் தண்ணீர் இல்லாமல் செய்யாதீர்கள். ஆளை வைத்துச் செய்தாலும் தண்ணீர் விட்டுத்தான் அறுப்பார்களா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். இரண்டு, எண்ணெய்க் கறை படிந்துவிட்டது, மெருகு மங்கிவிட்டது, சீலர் தொல்லை என்று நல்ல கிரானைட்டைப் பெயர்த்தெறிந்து புதிதாகக் குவார்ட்ஸ் போடும் வீடுகளைப் பார்க்கிறோம். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்தக் குறைக்கும் அது தேவைப்படவில்லை. ஒரு டப்பா சமையல் சோடாவும், ஒரு புட்டி அசிட்டோனும், இரண்டு நாள் பொறுமையும் அதே வேலையைச் செய்துவிடும்.

சுருக்கமாக: இந்த வாரம் மிக்ஸியை நகர்த்திவிட்டு, கத்தி, வினிகர், தண்ணீர் ஆகிய மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். கறுப்புக் கல்லானால் நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குடிக்காத கல்லுக்குச் சோப்பும் துணியும் போதும். குடிக்கும் கல்லுக்கு எண்ணெயைத் தடுக்கும் சீலர். வினிகருக்கு மங்கும் கல்லானால் புளி, எலுமிச்சை, தக்காளி வெட்டப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்லானாலும் சூட்டுக்குப் பிரிமணை, ஏறி நிற்க ஸ்டூல்.